நெஞ்சுப் படம்

என்னங்க,

போனில் பேசினால் என் குரலே மாமாவிடம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

மாமாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. திண்டிவனத்தில் எங்கள் கிளினிக்கிற்கே இன்று அழைத்துப் போனேன். பைபாஸில் அடிபட்டு வந்தவர்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே நானே எடுத்தேன்.

"மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க மாமா" என்றேன். பொத்தானை அழுத்தியதும் திரையில் படம் வந்தது. தினமும் எத்தனையோ நெஞ்சுகளைப் பார்க்கிறவள்தான். ஆனாலும் பார்த்தபடியே நின்றுவிட்டேன். மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டேன்.

எக்ஸ்ரே பலகையை அணைத்தபடி அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் தாங்க முடியாமல் இருமினார்.

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேம்மா. படம் கெட்டுப்போச்சா?"

"இல்ல மாமா. டாக்டர் சொல்வாரு." எல்லோரிடமும் சொல்வதுதான்.

டாக்டர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லிடும்மா" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். கிடைக்கிற பிளைட்டில் வந்துவிடுங்கள்.

தான் இருமியதால்தான் படம் கெட்டு, என் முகம் வாடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மாமா. புதுச்சேரியில் அப்படி ஆகக்கூடாதாம். இதோ, எதிரில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சைப் பிடித்துப் பழகுகிறார்.

எப்போது விடுவதென்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

இப்படிக்கு,
உங்கள் வருகைக்காக வாசலையே பார்த்திருப்பவள்