பெரிய நட்டில் சிவப்புப் பொட்டு

அக்டோபர் 28, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை.

பைக்கைத் தூக்கிப் பார்த்தபோது வாசலில் இருந்தவர்கள்: அவர், நான், மகள் ஆயிஷா (மழை லீவு), மெக்கானிக் செல்வம். வேறு யாருமில்லை. எதிர்வீட்டுப் பூனையையும் சேர்த்தால் ஐந்து.

நேற்று வெண்ணாற்றுக் கரையில் வரும்போது வண்டியின் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்திருக்கிறது. காலை ஊன்றி நிறுத்திவிட்டார். ஊன்றியது ஆற்றுப் பக்கம். முழங்கால்வரை பேண்ட் நனைந்து வந்து நின்றார், சிரித்துக்கொண்டே. ஆறு கரை தொட்டு ஓடுகிறது. கரையின் அகலம் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு. அவருக்குக் கால்நடை ஆய்வாளர் வேலை. அக்கரைக் கிராமங்களுக்கு அதுதான் குறுக்குவழி. சேற்றில் போவதற்கென்றே போன வருடம் தஞ்சாவூரில் இந்த உயரமான வண்டியைப் பழையதாக வாங்கினார்.

செல்வம் அடியில் மரப்பெட்டியைக் கொடுத்துப் பின்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார். "செயின்தான் சார். இறுக்கிட்டா சரியாப் போயிரும்."

நான் சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்கினேன். டொக். விட்டேன். டொக். போன வருடம் கிரைண்டர் அச்சு தேய்ந்தபோது வந்த அதே சத்தம்.

"செயின் லூசானா இப்படி மேலயும் கீழயும் ஆடாதே தம்பி."

"அப்ப நீங்களே என் கடைய நடத்துங்கக்கா. நான் வந்து சோறாக்குறேன்."

"ஆக்குவே. யாரு திங்கிறது?" என்றார் அவர்.

பிறகு செல்வமும் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நீளமான இரும்புக் கை, அதற்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு முக்கோணத் துண்டு, இவை அசைகிற இடங்களிலெல்லாம் பேரிங். அதில்தான் ஆட்டம். "இந்த மாதிரி வண்டில நான் கை வெச்சதே இல்லக்கா. தஞ்சாவூருக்குத்தான் ஏத்தி அனுப்பணும்." ஷோரூமுக்குப் போன் செய்தோம். முழுசாக மாற்ற வேண்டும், சாமான் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

"நான் கழட்டிப் பாக்குறேன்" என்றேன்.

கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் போனில் பார்த்துப் பார்த்து நானே பழகிக்கொண்டதுதான். ஆனால் அவற்றின் மேல் ஏறி யாரும் ஆற்றங்கரையில் போவதில்லை.

அக்டோபர் 29, புதன்

வெயில். முதலில் துணி. பிறகு பருப்பு, முட்டைக் குழம்பு. அதற்குப் பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் போல்ட்.

கழற்றிய வரிசை மாறக்கூடாது. பழைய இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொரு இடத்துச் சாமானாக வைத்தேன். மேல்தட்டு இடப்பக்கம், கீழ்த்தட்டு வலப்பக்கம்.

ஆயிஷா: "அம்மா, இதுல மறுபடி இட்லி ஊத்துனீங்கன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்."

வலப்பக்கத்துப் பேரிங்: உள்ளே சுற்றிலும் ஊசி மாதிரிச் சின்னச் சின்னக் கம்பிகள். கிரீஸ் அழுக்கு, ஆனால் இருக்கிறது. துடைத்தால் பளபளப்பு. இடப்பக்கம்: கிரீஸே இல்லை. காவி நிறத்தில் குழம்பு. துரு. கம்பிகள் இறுகிப்போய், சில உடைந்து தூள். தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தின் உதடு உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? சேறு இரண்டு பக்கமும்தானே அடிக்கிறது. டீசலில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். தலையைத் தூக்கினேன். எதிரே குழாய்.

சாணி, கன்று ஈன்ற ரத்தம், சேறு இவற்றோடு வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது என்று தினமும் அஸர் தொழுகைக்குப் பின் நான்தான் கழுவுகிறேன். மோட்டாரைப் போட்டு, ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அமுக்கி, மூலைமுடுக்கெல்லாம் பீய்ச்சி. குழாய் இடப்பக்கம். நான் நிற்பதும் இடப்பக்கம். தொழுகிற வீடு, ஒரு துளி அசுத்தம் உள்ளே வரக்கூடாது.

கரையில் அவரைத் தள்ளப் பார்த்தது என் கட்டைவிரல்தான்.

டீ கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அதானே பாத்தேன். தொழுகைக்குக் கை கால் கழுவுற மாதிரி தினம் ஒளு எடுக்குற வண்டி இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்."

"சிரிக்காதீங்க. ஆத்துக்குள்ள போயிருந்தா?"

"போகலையே ஜரீனா."

"போயிருந்தா?"

டீயைக் கீழே வைத்தார். "சரி. இனிமே துணியால துடை. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்."

பார்த்துக்கொள்வான். அதில் சந்தேகமில்லை. துடைக்கிற வேலை மட்டும் என்னுடையது. அதைத்தான் தப்பாகச் செய்திருக்கிறேன், அதுவும் சுத்தம் என்று நினைத்து. சுத்தத்தில் இப்படி ஒன்று உண்டா? யாரிடம் கேட்பது?

அக்டோபர் 30, வியாழன்

தஞ்சாவூர். பஸ்ஸில் மன்னார்குடிவரை நின்றேன்.

பேரிங் ஓரத்திலிருந்த எண்ணை மருந்துச்சீட்டு படிக்கிற லென்ஸில் பார்த்து எழுதிப் போனேன். பேரிங் மட்டுமே விற்கிற கடை. பெரியவர் ஒருவர்.

"கிரைண்டருக்காம்மா?"

"பைக்குக்கு."

"மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் குடுங்க."

"நான்தாங்க."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த ஊரு?"

"கூத்தாநல்லூர்."

"அங்க எல்லாரும் ஃபாரின் போறவங்கன்னுல்ல நெனச்சேன். வண்டிக்கு அடியில போறவங்களும் இருக்கீங்களா?" சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். அல்ஹம்துலில்லாஹ். ரப்பர் வளையமும் கிடைத்தது. பேரிங்குக்குள் போகிற சின்ன இரும்புக் குழல் மட்டும் இல்லை. நான் கொண்டுபோன பழையதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கந்தான் கோடு விழுந்திருக்கு. மறுபக்கம் வழவழன்னு இருக்கு பாருங்க. நல்லாத் தேய்ச்சு, அரை வட்டம் திருப்பிப் போடுங்க. இது சுத்துற எடம் இல்லம்மா, ஆடுற எடம். பாரம் எப்பவும் ஒரே பக்கம் விழும்."

இன்னொன்றும் சொன்னார். தட்டி ஏற்றக்கூடாது. பேரிங்கை ஃப்ரீஸரில் வைத்து, அது போய் உட்கார வேண்டிய இரும்பைச் சூடாக்கினால் தானாக உட்காரும்.

தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் ஒரு டப்பா. பூண்டு அரைக் கிலோ. ஆயிஷாவுக்கு ரப்பர் பேண்ட். எல்லாம் செலவு நோட்டில் ஏற்றியாச்சு. பூண்டு இங்கேயே மலிவு.

அக்டோபர் 31, வெள்ளி

மேகமூட்டம். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் அக்கரையிலிருந்து போன். கோவிந்தம்மாள் வீட்டுப் பசு. கன்று குறுக்கே நிற்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டு இரவல் ஸ்கூட்டரில் ஓடினார். ஸ்கூட்டர் கரைச் சேற்றில் போகாது. தார் ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும்.

பசு பிழைத்தது. கன்று இல்லை.

சாயங்காலம் அந்தம்மாளே பேசினாள், ஸ்பீக்கரில். "சாரைத் திட்டாதீங்கம்மா, அவரு என்ன பண்ணுவாரு. அந்த ஒசரமான வண்டில வந்திருந்தா நேரத்துக்கு எட்டியிருக்கும். என் நேரம்."

அவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். தட்டில் பாதி மிச்சம்.

மஃரிப் தொழுதபோது கவனித்தேன். என் கோரைப்பாயில் முட்டி படும் இடம் இரண்டும் நெற்றி படும் இடமும் நைந்திருக்கின்றன. மற்ற இடமெல்லாம் புதுசு. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டேன்.

கரையில் போனாலும் பயம். போகாவிட்டாலும் ஒரு வீட்டில் கன்று இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல வெயில். இன்றே முடிக்க வேண்டும் என்று வைராக்கியம்.

ஃப்ரீஸரில் கொடுவா மீனுக்குப் பக்கத்தில் பேரிங், பிளாஸ்டிக் பையில். முக்கோணத் துண்டைத் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினேன். (கல்லை மூன்று தடவை தேய்த்தாச்சு. புளி போட்டும் ஒரு தடவை.) பெரியவர் சொன்னது சரி. விரலால் அழுத்தியதும் உள்ளே போய் உட்கார்ந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆயிஷா ஓடிவந்து பார்த்தாள்.

கிரீஸைக் கம்பிகளுக்கு இடையில் விரலால் தள்ளித் தள்ளி நிரப்பினேன். குழலை அரை வட்டம் திருப்பி. இட்லித் தட்டில் ஒவ்வொரு குழியாகக் காலியானது.

இறுக்குவதற்குச் செல்வத்தின் டார்க் ரெஞ்ச் இரவல். கைப்பிடியைத் திருகி எண் வைத்தால், அந்த அளவுக்கு இறுகியதும் "டக்" என்று சொல்லும். அதற்கு மேல் ஒரு இழு இழுக்கக்கூடாது. சின்ன நட்டுகளுக்கு ஒரு எண். இரும்புக் கையைப் பிடித்திருக்கும் பெரிய அச்சு நட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. இறுக்கிய நட்டில் பெயிண்ட் பொட்டு வைத்துவிடச் சொன்னார் செல்வம், எது முடிந்தது, எது பாக்கி என்று குழம்பாமல் இருக்க. வீட்டில் பெயிண்ட் இல்லை.

ஆயிஷா உள்ளே போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலோடு வந்தாள். பார்த்தேன்.

"நகத்துல போட்டாத்தானே தண்ணி படாம ஒளு சேராது. நட்டுக்கு என்னம்மா?"

பாட்டில் பாதி காலி. அதைப்பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும்.

டக், பொட்டு. டக், பொட்டு. பெரிய நட்டைக் கையால் முறுக்கிவிட்டு ரெஞ்சை எடுக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு. பாங்கு கேட்டபின் உட்கார்ந்திருந்து பழக்கமில்லை. கைக் கிரீஸ் போகச் சீயக்காய், அப்புறம் சோப்பு. மஃரிப் தப்பிவிடுமோ என்று பதற்றம். தொழுதுவிட்டு வந்தால் வாசலில் அவர், பெட்டியை எடுத்துவிட்டு வண்டியை இறக்கி நிறுத்தியிருக்கிறார். சக்கரத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு. "பஞ்சு மெத்தை ஜரீனா!" தெருக்கோடிவரை ஓட்டினார். டொக் இல்லை.

இரண்டு ரக்அத் நஃபில் தொழுகை, நன்றிக்கு.

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து அடைமழை, காற்று. கரண்ட் போய்ப் போய் வருகிறது. நேற்று முழுவதும் வண்டி நன்றாக ஓடியிருக்கிறது. வந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன், குழாயைத் தொடவில்லை.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் அக்கரையிலிருந்து போன். கிடேரி, முதல் ஈற்று. "இந்தத் தடவை குறுக்கால போயிடுறேன்" என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். முகத்தில் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் தெளிவு. போகாதீங்க என்று எப்படிச் சொல்வது. சொல்லவில்லை. துஆ ஓதி அவர் மேல் ஊதி அனுப்பினேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் செல்வம், குடையோடு, ரெஞ்ச் வாங்க. கைப்பிடியைப் பார்த்தார்.

"அக்கா, இது சின்ன நட்டு நம்பர்லயே நிக்குதே. பெரிய நட்ட எதுல இறுக்குனீங்க?"

பாங்கு. கையால் முறுக்கியது. சீயக்காய். அதற்குப் பிறகு? திரும்பி வந்து உட்கார்ந்தேனா? டக் கேட்டேனா? எத்தனை யோசித்தாலும் அவர் சிரிப்புதான் வருகிறது, நட்டு வரவில்லை.

ஆயிஷாவைக் கேட்டேன். "நான் சும்மா ரெஞ்சுக் கைப்பிடியத் திருகிப் பாத்தேம்மா, டக் சொல்லுதான்னு. முன்னாடி எதுல இருந்துச்சுன்னு கவனிக்கல." அழுகிறாள்.

"கைமுறுக்குல ரெண்டு நாள் ஓடும்க்கா. குலுங்கக் குலுங்கக் கழலும். அச்சு வெளிய வந்துச்சுன்னா..." முடிக்காமல் குடையை வாசலிலேயே போட்டுவிட்டு, தன் வண்டியில் கரைப்பக்கம் போயிருக்கிறார். செல்வத்தின் வண்டி அந்தச் சேற்றில் எவ்வளவு தூரம் போகும்.

அவருக்குப் போன் அடித்தேன். எட்டவில்லை. மறுபடி. கரையில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் மட்டும் விழுந்திருக்கிறது, அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அனுப்பியது இதுதான்:

என்னங்க, எங்க இருக்கீங்களோ அங்கயே நிறுத்துங்க. கால் வைக்கிற கம்பிக்கு மேல, வலப்பக்கம், பெரிய நட்டு. அதுல சிவப்புப் பொட்டு இருக்கா பாருங்க. இல்லன்னா ஏறாதீங்க, தள்ளிக்கிட்டே வாங்க. பொட்டு இருக்கா இல்லையா, பாத்ததும் சீக்கிரம் பதில் போடுங்க.