சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

என் வள்ளியக்காவுக்கு, பாட்டுச் சத்தம் கேட்டதும் சாமைக்கொல்லையிலிருந்து கூடையோடு ஓடி வருகிறவளுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது வேலையில்லாதவர்கள் வேலை என்று சொல்லித் திரிந்தேன். அது பொய். உட்கார்ந்தால் எதை எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. புதூர்நாட்டுக்கு இப்போது ஒரு பஸ் வருகிறது. மழை இல்லாத நாளில் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு என்று இடம் அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லில் ஆடு கட்டுகிறார்கள். நீ இரண்டு வயதில் விட்டுப்போன உன் மகள் பொன்னி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். உன்னைப் போலவே குதிகால் தரையில் படாமல் நடக்கிறாள். மாமா இப்போது ஜீப் ஓட்டுவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புளி வியாபாரி முதலாளி வாங்கிய அந்தப் புது ஜீப் உனக்கு நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்காரர்தான் டிரைவர் என்பதில் உனக்கு அவரைவிடப் பெருமை. மலைப் புளியையும் மலைச் சனத்தையும் ஒன்றாக அடைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு முறை திருப்பத்தூருக்கு இறங்கும் வண்டி. கம்பெனியிலேயே முகப்பில் பதித்துக் கொடுத்த டேப் செட் அதில் இருந்தது. முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு நீ என்னைத்தான் திட்டினாய்.

"இன்னாடா இது, கொசு பாடுற மாதிரி கீது? ரேடியோ கடையில மூணு வருஷமா இன்னாத்த கத்துக்கினே நீ? மேல்கொல்லை வரைக்கும் கேக்குற மாதிரி பண்ணு."

"மேல்கொல்லைக்கு எதுக்குக்கா பாட்டு?"

"பாட்டு கேட்டா வண்டி வருதுன்னு கூடையத் தூக்கினு ஓடியாந்துடுவோம்ல?"

"அதுக்குத்தான் மாமா ஹாரன் அடிக்கிறாரே."

"ஹாரனு மரம் ஏத்துற லாரியும்தான் அடிக்குது. அன்னிக்கி அடிச்சுப் புடிச்சு ஓடியாந்தா லாரிக்காரன் பல்ல இளிக்கிறான்."

மாமா சிரித்தார். "நான் இன்னா பண்ணட்டும் மச்சான்? அஞ்சு நிமிஷம் நின்னா டீசல் யாரு ஊத்துறதுன்னு முதலாளி கேக்குறாரு. உங்க அக்கா வரலன்னா அவளயும் வுட்டுட்டுதான் போவணும்."

"வுட்டுட்டுப் போய்ப் பாரு. பொழுது சாஞ்சா வூட்டுக்குத்தான வரணும் நீ?" என்றாய்.

முதலாளிக்காக இல்லை அக்கா, உனக்காகத்தான் அந்த வேலையில் இறங்கினேன். திருப்பத்தூர்க் கடையில் நானே ஆம்ப்ளிபயர் ஒன்றைக் கட்டினேன். கம்பெனி செட்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைப் பிடித்து, சத்தத்தைக் குறைத்து ஆம்ப்ளிபயருக்குள் கொடுத்து, பெரிய ஸ்பீக்கர் இரண்டை ஜீப்பின் பின்பக்கம் கட்டினேன். செட்டுக்குக் கரண்ட் வரும் ஒயர் நூல் மாதிரி இருந்தது. ஆம்ப்ளிபயரையும் அதில் மாட்டினால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்தேன். நடுவில் ஒரு சுவிட்ச். ஆம்ப்ளிபயரும் சுவிட்சும் சீட்டுக்கு அடியில்.

இதைச் செய்வதற்கு ஒரு சரியான முறை உண்டு. சாவியை எடுத்ததும் செட் அணைவது போல ஆம்ப்ளிபயரும் தானாக அணைய வேண்டும். அதற்கு ரிலே என்று ஒரு சின்னப் பொருள் போதும். அன்று கடையில் அது இல்லை. வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இரண்டு நாள் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த வாரம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சுவிட்ச் விஷயத்தை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை; தினமும் நானே போட்டு, நானே அணைத்தேன்.

முதல் நாள் மலை ரோட்டின் மூன்றாவது வளைவில் பாட்டுப் போட்டதும் மேல்கொல்லையிலிருந்து நீங்கள் ஒன்பது பேரும் இறங்கி வந்ததை எப்படி மறப்பேன்? நிறைமாத வயிற்றோடு நீதான் முன்னால் வந்தாய். "இப்பதான்டா நீ ரேடியோக்காரன்" என்றாய். அதற்கு மேல் ஒரு சர்டிபிகேட் எனக்கு யாரும் தரவில்லை.

நான்காம் நாள் முதலாளியின் புளிக்கிடங்குத் திறப்பு. சிமெண்ட் பூசிய சுவர், இரும்புக் கதவு. இந்த மலையில் மனுஷனுக்கு இல்லாத கட்டிடம் புளிக்கு இருந்தது. சாயங்காலம் பாட்டு வேண்டும் என்று ஜீப்பைக் கிடங்குக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். களம் பள்ளத்தில் இருக்கிறது. மாமா தயங்கினார். மலை டிரைவர் யாரும் வண்டியைப் பள்ளத்தில் நிறுத்த மாட்டான். மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். பேட்டரி சண்டித்தனம் செய்தாலும் கல்லை உருவினால் வண்டி தானாக உருண்டு கிளம்பிவிடும்.

"மேட்டுலயே நிக்கட்டுங்க முதலாளி. காலைல எடுக்கத் தோதா இருக்கும்" என்றார் மாமா.

"ஏன்டா சடையா, புது வண்டிடா இது. உன் வூட்டுக் கட்ட வண்டின்னு நெனச்சியா? கீழ எறக்கு."

இறக்கினார். நான்தான் ஜீப்பில் உட்கார்ந்து கேசட் மாற்றிக்கொண்டிருந்தேன். இஞ்சினை அணைத்துவிட்டுப் பொழுது அடங்கும்வரை பாட்டு. எல்லோரும் கலைந்ததும் சாவியை உருவி மாமா கையில் கொடுத்தேன். பாட்டு நின்றது. பாட்டு நின்றதால் எல்லாம் நின்றுவிட்டது என்று என் தலை நினைத்துக்கொண்டது. கை சீட்டுக்கு அடியில் போகவில்லை.

மழை பிடித்தது. கோழி கூவும் நேரத்தில் உனக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, கீழே கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொன்னதும் நானும் மாமாவும் களத்துக்கு ஓடினோம். மாமா சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டீசல் வண்டி, கையால் சுற்றிக் கிளப்புகிற வேலையும் இல்லை. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்து அந்தச் சேற்றில் ஜீப்பை மேட்டுக்குத் தள்ளினார்கள். நாலு அடி ஏறும், ஆறு அடி வழுக்கும்.

அவர்கள் பின்னால் நின்று தள்ளும்போது நான் சீட்டுக்கு அடியில் கை விட்டேன். ஆம்ப்ளிபயர் வெதுவெதுவென்று இருந்தது. விடிய விடியப் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் பார்க்கும் முன் சுவிட்சை அணைத்தேன்.

மாமா மழையில் தலையில் அடித்துக்கொண்டார். "பள்ளத்துல எறக்குனேனே மச்சான்! என் புத்தி எங்க போச்சு? மேட்டுல நின்னுக்கினு இருந்தா உருட்டியாச்சும் வுட்டிருப்பனே!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா?

"ஆமா மாமா" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு உனக்கே தெரியும். கம்பளியை மூங்கிலில் கட்டி உன்னைத் தூளியில் தூக்கினோம். மழையில் காட்டு வழி. முன் மூங்கில் மாமா தோளில், பின் மூங்கில் என் தோளில். "டேய் சின்னவனே, குலுக்காதடா" என்றாய். பிறகு தண்ணீர் கேட்டாய். காட்டு வழி ரோட்டைத் தொடும் அந்த மூன்றாவது வளைவு வரும்போது நீ எதுவும் கேட்கவில்லை. அங்கே இறக்கி வைத்துப் பார்த்தோம். நீயும் இல்லை, உள்ளே இருந்ததும் இல்லை.

ஆறு வருஷமாக நான் கத்திக்கொண்டிருக்கிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் கத்தியிருக்கிறேன். மனு எழுதியிருக்கிறேன். ரோடு கேட்டு மறியலில் உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறேன். இத்தனை ஊருக்கு ஒரே ஒரு ஜீப், அதுவும் ஒரு வியாபாரியுடையது, அவன் இறக்கு என்றால் இறக்க வேண்டும், ஒரு பெண் பிள்ளை பெறுவதற்கு மலையைவிட்டு இறங்க வேண்டும், இது என்ன நாடு என்று கேட்டிருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இன்றும் கேட்பேன்.

ஆனால் அந்த உண்மைகளுக்குப் பின்னால் ஒரு சுவிட்சை ஒளித்து வைத்திருந்தேன். முதலாளி பெயரை எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அவ்வளவு ஆழத்தில் அது மறைந்தது. என்னைக் கோபக்காரன் என்று ஊர் மதிக்கிறது. கோபத்தில் பாதி பயம் என்று யாருக்குத் தெரியும்?

உன் காரியம் முடிந்த மறுநாளே மாமா ஜீப் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இப்போது அதே கிடங்கில் புளி மூட்டை தூக்குகிறார். அந்தப் பள்ளத்தைத் தினமும் மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். போன மாதம் பொன்னி அவரிடம் கேட்டிருக்கிறாள், "அம்மா எப்புடிப்பா செத்துச்சு?" என்று. "அப்பா வண்டிய தப்பான எடத்துல நிறுத்திட்டேம்மா" என்றாராம். நான் ஊருக்குப் போனபோது அவள் என்னிடம் வந்து, "மாமா, அப்பா அப்புடி பண்ணுச்சா?" என்றாள். நான் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். மிட்டாய்!

உன் மகளும் இனி அதை நம்பி வளர்வாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இது ஒரு பத்திரிகையில் அச்சாகி வரப்போகிறது. கீழே இருக்கிறவர்கள் படிப்பார்கள், நல்ல துணிச்சல் என்று சொல்வார்கள். துணிச்சல் ஒன்றும் இல்லை. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது அக்கா. அதை நினைத்துத்தான் இவ்வளவு தூரம் தயங்காமல் எழுதியிருக்கிறேன் என்று இந்த இடத்துக்கு வந்தபோது புரிகிறது. உலகத்துக்கே சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடைக்குமா?

அந்த வழியையும் அடைத்துவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரிலிருந்து இந்தத் தாளோடு மலை ஏறி, மாமாவை உட்கார வைத்து, பொன்னியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து நானே படித்துக் காட்டுகிறேன். 'ஆமா மாமா' என்ற இடத்தில் நிறுத்த மாட்டேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் எழுந்து போனாலும் வாசலில் நிற்கிறேன். ஆனால் மறுநாள் மூட்டை தூக்கப் போகும்போது, அந்தப் பள்ளம் அவருக்கு வெறும் பள்ளமாக இருக்க வேண்டும்.

தூளியின் பின் மூங்கிலைத் தூக்கி வந்த,
உன் கூடப்பிறந்த சின்னவன்