செவலையின் தோல்முட்டை

மச்சான், இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உங்கள் ஹெப்பாள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இன்று காலை உங்கள் செவலைக் கோழி என் கையில் ஒரு தோல்முட்டை இட்டது. ஓடே இல்லை, பாலாடை மாதிரி ஒரு தோல், உள்ளே மஞ்சள் கரு ஆடுகிறது. விளக்கெண்ணெய் வாசனையோடு அது உள்ளங்கையில் சூடாகக் கிடந்தபோது உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மகன் கார் நிறுத்துவதற்காக வீட்டுப் பின்பக்க மண்ணுக்குச் சிமெண்ட் பூசி, மேலே தகரம் போட்டான். வெயிலும் மண்ணும் இல்லாவிட்டால் கோழி தோல்முட்டைதான் போடும் என்றேன். ஆறாவதோடு நின்றவன்தான் நான். ஆனால் மைசூரில் பாதி மாட்டு டாக்டர்கள் என்னைக் கேட்டுத்தான் மருந்து எழுதுகிறார்கள். நீங்கள் மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முட்டை ஓட்டை வறுத்து நுணுக்கி, தவிட்டில் பிசைந்து வைத்தீர்கள். அதற்குக் கேட்குமா? முட்டையை நிறுத்திய கோழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் போனது. செவலை மட்டும் மிச்சம்.

ஒருநாள் அதுவும் வாலைத் தொங்கப்போட்டு, இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதை உட்காரவைத்துப் பிடித்திருந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று, ஹனூரில் நெருப்புக்கோழிக்கே பிரசவம் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, வாய்க்குக் கொஞ்சம் லீவு குடுங்க. கோழி முக்குதா, நீங்க முக்கறீங்களான்னே தெரியல."

விளக்கெண்ணெய் தடவி, வயிற்றை அழுத்தாமல் காத்திருந்தீர்கள். முட்டை வந்தது. உங்கள் மகன் எட்டிப் பார்த்து, "இதுக்கு இத்தன சேவையாப்பா? அறுத்துட்டாத் தீந்துச்சு" என்றான். உங்களுக்கு மூச்சு வாங்கியதை அவன் கவனிக்கவே இல்லை. கோழிக்காவது சுடுதண்ணீர் வைக்க நீங்கள் இருந்தீர்கள்.

உங்கள் கருமாதி முடிந்து கறி சமைத்த நாளில் அவன் நேராகப் போய்ச் செவலையைத்தான் பிடித்தான். நான் குறுக்கே புகுந்தேன்.

"டேய், இத உங்கப்பா ஊரு மாரியம்மனுக்கு நேர்ந்துவுட்டிருக்காரு. வீட்டுல கத்தி வெச்சீன்னா குடும்பம் வெளங்காது!"

சுட்டதுபோல் கையை எடுத்தான். அன்றைக்கே துண்டு போர்த்தி, பஸ்ஸில் நஞ்சன்கூட்டுக்கு, என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். கண்டக்டரே எழுந்து செவலைக்கு இடம் கொடுத்தார்.

நேற்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாக அவன் போன் செய்தான். "மாமா, பண்டிகை வருது. அப்பா நேர்ந்தத பாக்கி வெக்கக் கூடாது. கார்ல வந்து எடுத்துக்கறேன். கோயில்லயே அறுத்துரலாம்."

உயிரோடு இருந்த அப்பனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அந்தக் கார் ஒருநாள் கிளம்பியதா, மச்சான்? உண்மையைச் சொன்னால் செவலை குழம்பு, சொல்லாவிட்டால் பலி. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்ன எனக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்று.

இன்று காலை அது முக்கியபோது நீங்கள் பிடித்த மாதிரியே தண்ணீரில் வைத்துப் பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை. உங்கள் தங்கை வந்து, "என்னங்க, காச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலும் மண்ணும் கிடைக்கிற இடம் இது. அடுத்த முட்டை ஓட்டோடு வந்தாலும் வரும். அதற்குள் கார் வந்துவிடும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் அந்தக் கோழியை எந்தச் சாமிக்கும் நேர்ந்துவிடவில்லை, மச்சான். அவன் கைக்குக் குறுக்கே நின்றபடி நான்தான் கதை கட்டிவிட்டேன்.