உடைந்த அரக்கும் உயிருள்ள புறாக்களும்

நலம் ஓங்குக. மூன்று மலையும் ஏழு அருவியும் அரணாய் நிற்கும் மூங்கிற்பொறை நாட்டின் மூத்த குடித் தலைவனும் வரையாட்டு முத்திரைக்கு உரியவனுமாகிய ஆதன் இளங்கோடன், கடலும் கழியும் காத்து ஆளும் வெண்மணல் நாட்டு அரசர் வேலிறை சேந்தனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளுக்குக் கலங்கள் குறைவின்றி வந்தடைக. தங்கள் உப்பளங்களில் காலம் தவறிய மழை பெய்யாதிருக்க. தங்கள் செங்கோல் நீடு நிற்க.

தங்கள் ஓலை கிடைத்தது. என் தம்பியின் பேர்த்தியைத் தங்கள் இளவரசருக்கு மணம் பேசி முடித்தபின், பெண் வீட்டார் உயிருள்ள பறவைகளை அனுப்பும் எங்கள் மலை வழக்கப்படி, இரண்டு இணை மரகதப்புறாக்களை அஞ்சல் வழியே அனுப்பினோம். ஒரு கூடையைக் கூத்தனும் மற்றொன்றை வேங்கையனும் சுமந்து வந்தனர். கூத்தன் முதலில் வந்தான். கூடை வாயில் நாங்கள் இட்ட அரக்கு முத்திரை முழுதாய் இருந்தது கண்டு, கூடையைத் திறந்து பார்க்கும் முன்பே தங்கள் கோட்டைத் தலைவர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி விடை கொடுத்தார். பின்னர்த் திறந்தபோது இரு புறாக்களும் இறந்து கிடந்தன. வேங்கையன் பிந்தி வந்தான். அவன் கூடையின் முத்திரை உடைந்திருந்தது. புறாக்கள் உயிரோடு இருந்தன. அரசர் வீட்டுக்கு அனுப்பிய பறவைகளை விற்றுவிட்டு வழியில் பிடித்தவற்றை மாற்றி வைத்தான் என்று அவனைச் சிறையிட்டு, வரும் முழுநிலா நாளில் அவன் வலக்கையைத் துணிக்கத் தீர்ப்பளித்திருக்கிறீர்கள். அவன் என் ஆளுகைக்கு உட்பட்டவன் ஆதலால் என் இசைவைக் கேட்டிருக்கிறீர்கள்.

என் இசைவு இல்லை.

கூத்தன் திரும்பி வந்து, பொன்னாடையை என் முற்றத்தில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். நடந்ததைச் சொல்லப் பணித்தேன். இருவரும் சேர்ந்து நடந்த வழியில், பாறை நிறைந்த கரட்டுவெளியில் வெயில் ஏறியதும் இரு கூடைகளுக்குள்ளும் இருந்த கிண்ணத்து நீர் வற்றிவிட்டது. சிறகடிக்கும் ஒலி நெடுநேரம் கேட்டது, பின் தளர்ந்தது. அங்கேயே நின்று வேங்கையன் அரக்கை உடைத்தான். கூத்தன் தடுத்தபோது அவன் கூறிய மறுமொழியை அவைக்கேற்ப அழகு செய்யாமல் அப்படியே எழுதுகிறேன்: “பெரியவரு முத்திரை வச்சது எவனும் திருடக் கூடாதுன்னுதான்டா. தாகத்துல சாகட்டும்னா வச்சாரு? போனா என் கை போகட்டும். நீ தள்ளி நில்லு.” அன்றைய பகலெல்லாம் அவன் மரநிழலில் அமர்ந்து பறவைகளுக்கு நீர் புகட்டித் தேற்றினான். கூத்தனோ முத்திரைக்கு அஞ்சி, கூடை ஓசையற்றுப் போன பின்னும் திறவாமல் நடந்தான்.

முத்திரையில் உள்ள அந்த வரையாடு என் குலத்தின் அடையாளம். களவுக்காக அதை உடைத்தவர் எவரையும் என் முன்னோர் மன்னித்ததில்லை. நானும் மன்னிக்க மாட்டேன். ஆயினும் அது உடைந்ததால் இழுக்கு நேர்ந்ததா இல்லையா என்று சொல்லும் உரிமை என் குடிக்கு உரியது, வேறு எந்த அவைக்கும் உரியதன்று. மணப்பெண்ணின் வீட்டிலிருந்து செத்த பறவை சென்றதே எங்களுக்கு இழுக்கு. உயிரோடு கொண்டு சேர்த்தவன் எங்கள் மானம் காத்தவன். நான் எவரிடமும் இரந்து எழுதியதில்லை. இந்த ஓலையும் இரப்பு அன்று.

இறந்தவற்றுக்கு ஈடாக மற்றோர் இணை, இவ்வோலையோடு கூத்தன் கையிலேயே வருகிறது. கூடையின் வாய்க்குக் கயிறு மட்டுமே உண்டு, அரக்கு இல்லை. முன்பு போர்த்திய பட்டுறையை நீக்கி, பறவைக்கு நிழலும் மூச்சும் ஒருங்கே வேண்டும் என்பதால், மூங்கில் பின்னலின் ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணி கட்டச் செய்தேன். விடியலிலும் வெயில் தாழ்ந்த பின்னும் மட்டுமே நடக்கப் பணித்தேன். பழகாத கை பறவையை அச்சுறுத்தும் ஆதலால் அஞ்சல் வழக்கப்படி சாவடிதோறும் ஆள் மாற்றுவதை இம்முறையும் விலக்கினேன். தங்கள் எல்லைச் சாவடிகளில் கூடையைத் திறந்து நீரும் ஊறிய தினையும் வைக்க வேண்டும். கூடையை மூட்டைகளுக்கு அடியில் அடுக்கவோ வேடிக்கைக்காகத் தட்டவோ கூடாது. பறவை சுமப்பவன் பிந்தினால் தண்டம் இல்லை என என் சாவடிகளுக்கு எழுதிவிட்டேன். தாங்களும் அவ்வாறே எழுதுக.

இனித் தங்கள் ஐயம். வேங்கையனை விலங்கு நீக்கி அவைக்கு அழைத்து, அவன் கொண்டுவந்த புறாக்களை அவன் முன்னே திறந்து விடச் செய்க. எங்கள் பறவைகள் குஞ்சுப் பருவம் முதல் அவன் வலது உள்ளங்கையில் தினை தின்று வளர்ந்தவை. மாற்றி வைத்தவையாயின் சாளரம் நோக்கிப் பறந்துவிடும். அப்போது தங்கள் தீர்ப்பே நிற்கட்டும், நான் தடுக்கேன். எங்களுடையவையாயின் அவன் நீட்டும் கையில் வந்து அமரும். அவை அமர்ந்த கையைத் துணிக்கும் வாள் தங்கள் நாட்டில் இருக்குமாயின், எங்கள் பெண் அந்நாட்டுக்கு வாராள்.

பொன்னாடையையும் கூத்தன் கொண்டு வருகிறான். உரியவன் தோளில் அதைத் தங்கள் கையால் இடுக.

இது இளங்கோடன் சொல், மாறாது. வரையாட்டு முத்திரையை இவ்வோலைக்கு இட்டேன், கூடைக்கு இடவில்லை.