ஆப்பிள் மரம் நின்ற இடம்

ஸ்வெண்ட்போர்க்
மார்ச் 9, 1988

அன்புள்ள அஸ்கர்,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறவள் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். நலமா? நான் நலம். முழங்கால் மட்டும் எனக்கு முன்னால் கிழடாகிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதில் நாம் பேசி என்றைக்கு உருப்பட்டது?

தோட்டத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை வேண்டும். அச்சு எந்திரம் இன்னும் சமையலறையில்தான் நிற்கிறது. சுடுகிற ரொட்டியெல்லாம் மை வாசம். ஒரே அறை, தோட்டத்தைப் பார்த்து அகலமான கதவு, அவ்வளவுதான். வரைந்து தர இங்கே ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வீட்டை வரைந்தவன் நீ. இதில் வேறொருவன் கை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நகராட்சி விதிப்படி வேலியிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் வெயில் விழுகிற இடம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. ரிக்கேயின் ஆப்பிள் மரம் நிற்கிற இடம். மரத்தை வெட்ட வேண்டும். உன்னிடம் சொல்லாமல் அதைச் செய்ய மனம் வரவில்லை.

ஆக்னெட்டெ

•

கோபன்ஹேகன்
மார்ச் 20

அன்புள்ள ஆக்னெட்டெ,

இரண்டு வரைபடங்கள் அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் மரம் அப்படியே நிற்கும். வெயில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். எந்திரம் நன்றாகவே அடங்கும்.

இரண்டும் வேண்டாம் என்றால் ரிக்கேயின் அறை இருக்கிறது. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான்.

அந்த மரத்தை நானும் அவளும் நட்டோம். குழி தோண்டியது நான், மண்ணைத் தள்ளியது அவள். அடுத்த பிப்ரவரியில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. நம் மகளின் கை பட்டு இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான். வெட்டாதே.

அன்புடன்,
அஸ்கர்

•

ஸ்வெண்ட்போர்க்
ஏப்ரல் 2

அஸ்கர்,

உன் படங்களைத் திருப்பி அனுப்புகிறேன். முதலாவது பட்டறை இல்லை, கோழிக்கூண்டு. இரண்டாவதில் கோழிகூட இருக்காது.

வெட்டாதே என்று அங்கிருந்து எழுதுவது சுலபம். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்த மரம் என் இடுப்பளவு. இன்று கூரையைத் தொடுகிறது. மே மாதம் பூக்கிறது. செப்டம்பரில் கூடை கூடையாக நான்தான் பொறுக்குகிறேன். அவள் நாலு வயதிலேயே நின்றுவிட்டாள், அது மட்டும் வளர்கிறது. என்னால் இனி அதைப் பார்க்க முடியாது.

அவள் அறையைத் தொட மாட்டேன். அதைப் பற்றி இனி எழுதாதே.

உனக்கு அவள் மரத்தில் இருக்கிறாள். எனக்குச் சமையலறைக் கதவில் இருக்கிறாள். உன் உயரத்துக்கு அளந்து நீ வைத்த கைப்பிடி அவளுக்கு எட்டவே எட்டாது. மரச்செருப்பால் கதவை உதைத்து, "யாராச்சும் தொறங்களேன், வாசல்ல நிக்க நான் என்ன பூனையா?" என்று கத்துவாள். நினைவிருக்கிறதா? அந்த உதைத் தழும்புகள் மேல் இன்றுவரை நான் வண்ணம் பூசவில்லை.

ஆக்னெட்டெ

•

கோபன்ஹேகன்
மே 15

அன்புள்ள ஆக்னெட்டெ,

பதில் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

வெட்டிக்கொள். பூ உதிர்ந்த பிறகு வெட்டு. விறகாக்கிவிடாதே. தடித்த கிளை ஒன்றை எனக்கு ரயிலில் அனுப்பு.

புது வரைபடம் இதோடு இருக்கிறது. கதவு முழுக்கத் தோட்டத்தைப் பார்த்துத் திறக்கும். வாசலில் படி கிடையாது, உன் முழங்காலுக்காக. தச்சரிடம் சொல், ஒரு அளவையும் மாற்ற வேண்டாம்.

பூனை என்று அவள் கத்தியது நினைவிருக்கிறது.

அஸ்கர்

•

ஸ்வெண்ட்போர்க்
அக்டோபர் 23

அன்புள்ள அஸ்கர்,

பட்டறை முடிந்தது. கூரைச் சட்டம் ஏறிய அன்று ஊர் முறைப்படி அதன் உச்சியில் பச்சை இலை வளையம் கட்டி, தச்சர் வெர்னருக்கும் ஆட்களுக்கும் பீர் கொடுத்தேன். வீட்டுக்காரர் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். எனக்கு வரவில்லை. சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மரம் விழுந்த அன்று நான் வீட்டில் இல்லை. சந்தைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

உன் பார்சல் போன வாரம் வந்தது. நான் அனுப்பிய அந்த ஒரே கிளையில் கடைந்த இரண்டு கைப்பிடிகள். வெர்னர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆக்னெட்டெ, ஒரே கதவுக்கு ரெண்டு கைப்பிடி போட்டிருக்காரு. ஒண்ணு என் முட்டிக்குக் கொஞ்சம் மேலதான் வருது. அளவு தப்பிடுச்சு போல."

"தப்பல," என்றேன். "அப்படியே வைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

எல்லோரும் போன பிறகு தரையில் உட்கார்ந்து, கீழ்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நம் தோட்டம் எவ்வளவு பெரியது, அஸ்கர். அழுதேன். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுக்க ஆள் இல்லாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. மேல் கைப்பிடியை நான் இன்னும் தொடவில்லை.

உன்
ஆக்னெட்டெ