தினமும் ஒரு சொட்டு அயோடின்

அம்முக்குட்டி, உடம்பு எப்படி இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடறியா? இங்க அப்பாவுக்கு இருமல் விட்டுடுச்சு, வீட்டுல எல்லாம் நல்லபடியா இருக்கு, என்னைப் பத்தி மட்டும் கேக்காத. மெசேஜ் போட்டா மேலோட்டமா பாத்துட்டுப் போயிடுவ, அதான் பேப்பர்ல எழுதறேன்.

நீ மேடையில பேசின வீடியோவைப் பாத்தேன்டி. நோட்டிஃபிகேஷன் வந்த அடுத்த செகண்டே, முழுசா பாக்காமலே ஃபேமிலி குரூப்ல லிங்க்கைத் தட்டிவிட்டேன், என் பொண்ணு சோலார் செல் பத்திப் பேசறா, எல்லாரும் பாருங்கன்னு. பதினோராவது நிமிஷம் ஸ்க்ரீன்ல என் கை! வீட்டுல நான் சோலார் செல் செஞ்சப்ப உனக்கு அனுப்பின ஃபோட்டோ. மாதுளைச் சாறுல ஊறின கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு, நகமெல்லாம் சிவப்பா. மேல தலைப்பு, வீட்டுல செய்யறவங்க பண்ற தப்பு. யாரோ ஒருத்தர் இருபத்தொரு நாள் வோல்ட் குறையவே இல்லன்னு குதிச்சாங்களாம், ஆனா தினமும் காலைல ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல புதுசா அயோடின் சொட்டு விட்டுட்டுத்தான் அளந்தாங்களாம். ஹாலே சிரிச்சுது, நீயும் சிரிச்ச. உங்க சித்தி குரூப்ல நாலு சிரிப்பு ஸ்மைலி போட்டு, இந்த வளையலை எங்கயோ பாத்திருக்கேனே அக்கான்னு கேட்டா. யாரோ ஒருத்தராம்!

தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன். உள்ள இருக்கற அயோடின் காஞ்சு போகுதேன்னு செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி ஊத்திட்டேன், செல் தானா எத்தனை நாள் தாங்கும்னு பாக்கறதுதான் டெஸ்ட்டுங்கறது புத்தியில ஏறல. ஆனா சொட்டு விடறதை மூணாம் நாளே உன்கிட்ட சொன்னேனே. அப்பவே லூசும்மா, விடாதன்னு திட்டியிருந்தா சிரிச்சிருப்பேன். நீ சூப்பர்மா, விடாம எழுதி அனுப்புன்னு சொன்ன. டெஸ்ட் பண்றது நான்னு நெனச்சேன், நீ டெஸ்ட் பண்ணதே என்னையா? அப்பா வேற, ஃபேமஸ் ஆயிட்ட போன்னு கிண்டல் பண்றாரு, சும்மா இருங்கன்னுட்டேன்.

போன வாரம் புதுசா ஒரு செல் செஞ்சேன். ஓரமெல்லாம் பசை வெச்சு அடைச்சு, சொட்டே விடல. முதல் நாள் மத்தியான வெயில்ல புள்ளி நாலு வோல்ட், மூணாம் நாள் பாதி, அஞ்சாம் நாள் ஒண்ணுமே இல்ல. இதுதான் நெஜக் கணக்கு. அதை உன் வீடியோ கமெண்ட்ல போட டைப் பண்ணி வெச்சிருக்கேன், அந்தக் கை என்னோடதுன்னும் எழுதிட்டேன்.

லேப்ல கிளவுஸ் இல்லாம எதையும் தொடாத. நல்லா இருடி, மேல மேல வா, கோவத்துலயும் அதைத்தான் வேண்டிக்கறேன். மறக்காம ஒண்ணு மட்டும் ஃபோன் பண்ணிச் சொல்லு. நீ என் பொண்ணுன்னு அந்தக் கமெண்ட்ல எழுதலாமா, வேணாமா?

உன் அம்மா