அந்தக் கருவி வழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அக்கா

ஆஸ்டின் டவுனையே ஹாரன் அடித்து எழுப்பிய என் ரீட்டா அக்காவுக்கு,

நீ இருந்தால் முதலில் வண்டியைப் பற்றித்தான் கேட்பாய். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஸ்கூல் வேனை இப்போது பின்தெரு சாந்தா ஓட்டுகிறாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். ஆனால் குறுக்கே பாயும் பைக்காரனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. நீ கண்ணாடியை இறக்கி, "ஏய், கண்ணு காணிசல்வா நினகெ?" என்று கன்னடத்தில், உனக்குக் கண் தெரியலையா என்று போடும் சத்தத்துக்குத் தொம்மலூர் சிக்னலே திரும்பிப் பார்க்கும். பிள்ளைகள் சாந்தாவிடம், "ரீட்டா ஆன்ட்டி மாதிரி ஒரு தடவை கத்துங்க" என்று கெஞ்சுகிறார்களாம்.

இன்று காலை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் விஷயமாகப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அழுகையெல்லாம் இல்லை அக்கா. கோபம்.

உனக்குத் தெரிந்த பாதியையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை வேறு யாராவது படிக்கக்கூடும். அவர்கள் வீட்டிலும் ஒருவருக்கு முதுகு வலிக்கலாம்.

இந்த ஊர் ரோட்டுப் பள்ளங்களை எல்லாம் உன் முதுகில்தான் வாங்கினாய். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியபோது கூட, டிரைவர் சீட்டில் ஒரு தலையணையைச் சொருகிக்கொண்டு ஓட்டினாய். கடைசியில் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பை மேசைமேல் வைத்து, ஒரு எலும்பு இன்னொன்றின்மேல் முன்னால் சறுக்கி வந்திருப்பதைக் காட்டினார்.

"ரெண்டு எலும்பையும் கொஞ்சம் விலக்குவோம்மா. நடுவுல ஒரு சின்னக் கூண்டு மாதிரி வெச்சு, ஸ்க்ரூ போட்டு நிறுத்திடுவோம். அப்புறம் நரம்பு நசுங்காது."

"எதை வெச்சு டாக்டர் விலக்குவீங்க? ஜாக்கியா?" என்று கேட்டாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரித்தார்.

"ஜாக்கி மாதிரிதான். டிஸ்ட்ராக்டர்னு பேரு. கைப்பிடிய அமுக்கினா முனை விரியும். விரிஞ்ச இடத்துல நிக்கறதுக்கு ஒரு பல் இருக்கு, அது பிடிச்சுக்கும்."

"ஜாக்கி வழுக்கினா வண்டி நம்ம கால்மேலதான் டாக்டர் விழும்."

"இது வழுக்காதும்மா."

அந்த வார்த்தையை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நாமும் அவ்வளவு சுலபமாக நம்பினோம்.

ஆபரேஷன் அன்று நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சொன்ன நேரம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. வெளியே வந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "சின்னதா ஒரு காம்ப்ளிகேஷன். நரம்பு கொஞ்சம் அதிர்ச்சியில இருக்கு, டைம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நீ கண் விழித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ஷீலா, என் காலைப் போர்வைக்கு வெளிய வெச்சிருக்காங்களா? எங்க இருக்குன்னே தெரியலடி."

நாம் டைம் கொடுத்தோம். கால் வரவில்லை. சிறுநீர் வருவதுகூட உனக்குத் தெரியாமல் போனது. ஊருக்கே குரல் கொடுத்தவள், துணி மாற்ற என்னைக் கூப்பிடும்போது மட்டும் முணுமுணுத்தாய். அப்போதுகூட என்ன சொன்னாய்? "விடுடி. அந்த டாக்டரும் பாவம், வேணும்னேவா செஞ்சிருப்பாரு?" ஜெபமாலை சொல்லும்போது அவருக்காகவும் ஒரு மணி உருட்டினாய். சிறுநீர்க் கிருமி இரத்தத்தில் கலந்து, காய்ச்சலில் நீ போகும்வரை அவருக்காக வேண்டிக்கொண்டே இருந்தாய்.

உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் தோளைத் தட்டி, "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். ஆண்டவர் எந்த ஆபரேஷன் தியேட்டரில் நின்று எந்தக் கைப்பிடியை அமுக்கினார் என்று கேட்கத் தோன்றியது. பாதிரியார் பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஒரு பெண் கோயில் வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். பெயர் ஜெயந்தி. உன் ஆபரேஷனில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுத்த நர்ஸ்.

"நான் சொல்லப்போறத கேட்டுட்டு நீங்க என்னை அடிச்சாலும் பரவால்ல" என்றுதான் ஆரம்பித்தாள்.

அந்தக் கருவிப் பெட்டி ஆஸ்பத்திரியுடையது இல்லையாம். கூண்டும் ஸ்க்ரூவும் விற்கிற கம்பெனி, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அனுப்பி, முடிந்ததும் வாங்கிப் போகுமாம். ஒரே பெட்டி ஊரெல்லாம் சுற்றுகிறது. உனக்கு முந்தின வாரம், ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு இதே டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது டிஸ்ட்ராக்டரின் பல் பிடிக்கவில்லை. வழுக்கியது. ஜெயந்திதான் அதன் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி, இதைத் திரும்ப அனுப்பாதீர்கள் என்று சொல்லிக் கம்பெனி ஆளிடம் கொடுத்திருக்கிறாள். உன் ஆபரேஷனுக்கு அதே கருவி வந்தது. டேப்பை மட்டும் பிய்த்திருந்தார்கள். பசை அப்படியே இருந்ததாம்.

"நான் டாக்டர்கிட்ட சொன்னேன் அக்கா. வேற செட் கேக்கலாம்னு சொன்னேன். பாத்துக்கலாம்னாரு. எலும்ப விரிச்சு வெச்சிருக்கும்போது டக்குனு விட்டுடுச்சு. முனை பின்னால போய் நரம்புல இடிச்சத நான் பாத்தேன்."

நான் அவளை அடிக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "இத எல்லார் முன்னாடியும் சொல்வியா?" என்று கேட்டேன். வேலை போய்விடும் என்றாள். செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டாள். "சொல்றேன்" என்றாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் அனுப்பினேன். அதன் பலன்தான் இன்றைய கூட்டம்.

ஏசி அறை. டாக்டர் ஒரு பக்கம், நிர்வாக அதிகாரி அம்மா ஒரு பக்கம், என் பக்கத்தில் ஜெயந்தி. அந்த அம்மா பேச ஆரம்பித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கால் சென்டரில் நாள் முழுக்கப் புகார் கேட்கிறவள் இல்லையா? வருத்தம் தெரிவிப்பதுபோலவே பேசி, எதையும் ஒப்புக்கொள்ளாமல் போனை வைப்பது எப்படி என்று எனக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்கள். அந்த அம்மாவும் அதே பாடத்தைத்தான் படித்திருந்தார்.

"இந்த மாதிரி ஆபரேஷன்ல எந்த ஆஸ்பத்திரியிலயும் நடக்கக்கூடிய ஒண்ணும்மா. ரிஸ்க் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தோம்."

"வழுக்காதுன்னு சொன்னீங்க. ஏற்கெனவே வழுக்கினதுன்னு சொன்னீங்களா?"

ஜெயந்தி எழுந்து நின்றாள். குரல் உடைந்தாலும், கோயில் வாசலில் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அதிகாரி அம்மா இடையில் நிறுத்தப் பார்த்தார். அப்போதுதான் டாக்டர் கையைத் தூக்கினார்.

"அவங்க சொல்றது நிஜம். அதே கருவின்னு எனக்குத் தெரியும். பேஷண்ட் மயக்கத்துல இருந்தாங்க. வேற செட் வர லேட்டாகும். சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்."

தெரியும் என்றார், அக்கா. நீ யாருக்காக மணி உருட்டினாயோ, அவர் தெரிந்தேதான் அதைக் கையில் எடுத்திருக்கிறார். தெரியாமல் நீ கொடுத்த மன்னிப்பு செல்லுமா? இதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாயா? எனக்கு உன்மேலும் கோபம் வருகிறது. ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தாய்? ஒரு பைக்காரனுக்குக் கொடுத்த சத்தத்தில் பாதியையாவது அந்த வார்டில் கொடுத்திருக்கக் கூடாதா?

"அந்தப் பெரியவருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். டாக்டர் தலைகுனிந்தார். "இப்பவே சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

இன்னொரு பேஷண்ட் விஷயத்தை வெளியாள் முன்னால் பேச முடியாது என்றார் அதிகாரி அம்மா. டாக்டர் அவரைப் பார்க்காமலேயே போனை எடுத்தார். தன் பெயரைச் சொன்னார். நான் இருப்பதையும் சொல்லி, பெரியவரின் சம்மதம் கேட்டு ஸ்பீக்கரில் போட்டார். பிறகு கருவி வழுக்கியதைச் சொன்னார். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் அந்த மனிதரிடம் இவ்வளவு நாளும், வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.



"அப்போ என் வயசு காரணம் இல்லீங்களா சார்?" என்றார் பெரியவர். "எனக்குத்தான் நடக்க மனசில்ல, சோம்பேறின்னு வீட்ல எல்லாரும் திட்டறாங்க சார்."

டாக்டர் அழுதார். அழட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. வராததற்கு வெட்கமும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் போகிறேன். அந்த வீட்டில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து, அவர் கால் ஏன் இழுக்கிறது என்று சொல்வேன். கவுன்சில் விசாரணைக்கு அவரும் நானும் சேர்ந்தே போவோம். ஜெயந்தியின் வேலைக்கு ஏதாவது வந்தால், அந்த ஆஸ்பத்திரி வாசலில் என் குரல் கேட்கும். அந்தப் பெட்டி போன தியேட்டர்கள் எல்லாவற்றிலும் யார் யார் படுத்திருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நீ மன்னித்தது உன்னோடு இருக்கட்டும், அக்கா. அதை நான் பிடுங்க மாட்டேன். ஆனால் என் பங்கை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ அமைதியாக இரு. சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஷீலா